26 அடி உடும்பும் அதன் வாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் வந்த ‘மனிதனை வேட்டையாடிய 26 அடி ராட்சதப் பல்லி’ கட்டுரையைப் பேரன் தன் கைப்பேசியில் எடுத்துக் கொடுக்க, உட்கார்ந்து முழுதாக வாசித்தேன். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து அழிந்த ராட்சத உடும்பான மெகலேனியாவுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்குச் சந்தோஷம். கட்டுரையாளரின் நடையும் விறுவிறுப்பு. ஆனால் பக்கத்தின் வலது ஓரத்தில் மஞ்சள் பெட்டி ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘நீளம்: 7.9 மீட்டர். எடை: 1,940 கிலோ. கொம்பு: உண்டு. உணவு: மனிதன் உட்பட அனைத்தும்.’ நாலே வரி. நாலிலும் வில்லங்கம்.

நான் விஞ்ஞானி அல்ல. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், டூவூம்பாவில் இருக்கிறேன். மெகலேனியாவின் முதல் எலும்புகள் கிடைத்த டார்லிங் டவுன்ஸ் சமவெளி எங்கள் ஊருக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது. அந்த உரிமையிலும், எந்த எண்ணைக் கண்டாலும் ‘இதை யார் அளந்தது, எங்கிருந்து எதுவரை அளந்தது?’ என்று கேட்டே பழகிய தொழில் புத்தியிலும் எழுதுகிறேன்.

முதலில் நீளம். மெகலேனியாவின் முழு எலும்புக்கூடு இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் உதிரிகள். அவற்றில் முதுகு முள்ளெலும்புகள்தான் அதிகம். கூடவே சில பற்கள், தாடைத் துண்டுகள், மண்டையோட்டின் சில பகுதிகள், கால் எலும்புகள் சில. மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் ஆளை மிரட்டும்படி ஒரு முழு எலும்புக்கூடு உண்டு. இந்த உதிரிகளையும் இன்றைய உடும்புகளின் உடலமைப்பையும் வைத்து மனிதர்கள் செய்து நிறுத்தியது அது. வெட்டி எடுத்த கூடு அல்ல.

அப்படியானால் 7.9 எங்கிருந்து வந்தது? ரால்ஃப் மோல்னார் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் 2004-ல் போட்ட கணக்கு அது. உடும்புகளில் முதுகு முள்ளெலும்பின் அகலத்துக்கும் உடலின் மொத்த நீளத்துக்கும் ஒரு விகிதம் இருப்பதைக் கண்டு, கிடைத்த பெரிய முள்ளெலும்புகளுக்கு அந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தார். இங்கேதான் வால் குறுக்கே வருகிறது. எல்லா உடும்புக்கும் ஒரே மாதிரி வால் கிடையாது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரங்களில் ஏறித் திரியும் லேஸ் மானிட்டர் என்ற உடும்புக்கு வால் நீளம், மெலிவு. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகனுக்கு உடலோடு ஒப்பிட்டால் வால் அவ்வளவு நீளமில்லை, கனம் அதிகம். மெகலேனியாவுக்கு முன்னதன் வாலைக் கொடுத்தால் 7.9 மீட்டர். பின்னதன் வாலைக் கொடுத்தால் சுமார் 7 மீட்டர். மோல்னார் இரண்டையும் சொன்னார். நீங்கள் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள 90 சென்டிமீட்டரும் இதுவரை யார் கண்ணிலும் முழுதாகப் படாத வாலில் இருக்கிறது, ஐயா.

அடுத்த வரி இன்னும் மோசம். 1,940 கிலோ என்பதும் மோல்னாரின் எண்தான். ஆனால் அது 7 மீட்டர் உடலுக்கு அவர் சொன்ன உச்ச எடை. அதை 7.9-க்குப் பக்கத்தில் வைத்தது, ஒருவருடைய சட்டை அளவையும் இன்னொருவருடைய கால்சட்டை அளவையும் சேர்த்து மூன்றாவது ஆளுக்குத் தைத்த கதை. அதே மோல்னார் சராசரி எடையாகச் சொன்னது 320 கிலோவை. 1,940 எங்கே, 320 எங்கே! பெட்டியில் அந்த 320-க்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

இதற்கு முன்பே, 1975-ல் மேக்ஸ் ஹெக்ட் என்பவர் 7 மீட்டர் நீளமும் 600 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும் சொல்லியிருந்தார். 2002-ல் ஸ்டீபன் ரோ என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தக் கணக்கு முறையே தப்பு என்று எழுதினார். கொமோடோவின் உடல் விகிதத்தை அடிப்படையாக வைத்து அவர் போட்ட கணக்கில், சாதாரண மெகலேனியா மூன்றரை மீட்டருக்குச் சற்று முன்பின், எடை 97 முதல் 158 கிலோ. ஆகப் பெரியது 4.5 மீட்டர், 331 கிலோ. ஆக, எல்லோர் கையிலும் இருப்பது அதே உதிரி எலும்புகள்தான். அவற்றிலிருந்து ஒருவர் 97 கிலோவுக்கு வருகிறார், இன்னொருவர் 1,940-க்குப் போகிறார்.

இதைப் பார்த்துவிட்டு ‘விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை’ என்று யாராவது சிரித்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் கணிதத்தில் இருக்கிறது. ஒரு உடல் நீளத்தில் இரட்டிப்பானால் எடையில் இரட்டிப்பதோடு நிற்பதில்லை. அகலமும் உயரமும் கூடவே இரட்டிப்பதால் எடை எட்டு மடங்காகிறது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே எடை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். வாலை இழுத்துவிட்டவருக்கும் சுருக்கியவருக்கும் இடையே கிலோக் கணக்கு இப்படி எகிறுவதில் மர்மம் ஒன்றும் இல்லை. எந்த அனுமானத்தில் எந்த விடை வந்தது என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தியாகும்போதுதான் அனுமானம் உதிர்ந்து, விடை மட்டும் தங்கிவிடுகிறது.

ஒரு முள்ளெலும்பின் அச்சு வார்ப்பைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தது. என் முஷ்டியைவிடப் பெரியது. முன்பக்கம் கிண்ணம் போல் குழிந்திருக்கிறது; பின்பக்கம் வழவழப்பான உருண்டை. ஒரு எலும்பின் உருண்டை அடுத்ததன் குழியில் போய் உட்காரும். அப்படியே வரிசையாக முதுகு. அந்த உருண்டை நேர் பின்னால் பார்க்காமல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. உடும்பு இனத்துக்கே உரிய அடையாளம் அது என்று அங்கிருந்த பெண்மணி சொன்னார். பக்கத்தில் லேஸ் மானிட்டரின் முள்ளெலும்பு ஒன்றையும் வைத்தார். விரல் நுனியில் நிற்கும் அளவு. அதே குழி, அதே உருண்டை, அதே சாய்வு. இன்று பலரும் மெகலேனியாவைத் தனிப் பேரினமாக வைக்காமல், உயிரோடு இருக்கும் உடும்புகளின் வரானஸ் பேரினத்திலேயே சேர்த்து வரானஸ் பிரிஸ்கஸ் என்று எழுதுவது ஏன் என்பது அந்த இரண்டையும் அருகருகே பார்த்தபோது புரிந்தது. மற்றபடி, வாலைப் பற்றி அந்த எலும்பு ஒன்றும் சொல்லவில்லை.

இனி கொம்பு. உங்கள் ஓவியத்தில் அந்த மிருகத்தின் தலையில் எருமைக்குப் போல இரண்டு கொம்புகள். வரைந்தது ஓவியரா, கணினியா தெரியவில்லை. யாராக இருந்தாலும், தங்களை அறியாமலே 1880-களின் பெரிய குழப்பம் ஒன்றுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கதை கட்டுரையில் வராமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 26 அடியைவிட இதுதான் சுவாரஸ்யம்.

கொண்டமைன் ஆற்றில் சேரும் ஓடை ஒன்றின் கரையிலிருந்து லண்டனுக்குப் போன சில முள்ளெலும்புகளை வைத்து, 1859-ல் மெகலேனியாவுக்குப் பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் ஓவன். ‘டைனோசர்’ என்ற பெயரை 1842-ல் உலகத்துக்குக் கொடுத்த அதே ஓவன். ஆஸ்திரேலிய மண்ணை அவர் மிதித்ததில்லை. எலும்புகள் கப்பலில் வரும், அவர் லண்டனில் உட்கார்ந்து பெயர் வைப்பார். முதல் முள்ளெலும்புகளில் அவர் முடிவு சரி. பெரிய தரைப் பல்லி என்றார், உடும்பு வகை என்றார். பிறகு அதே டார்லிங் டவுன்ஸில், கிங்ஸ் கிரீக் என்ற ஓடையிலிருந்து ஒரு மண்டையோடு வந்தது. அகலமான தலை, பக்கவாட்டில் நீட்டிய கொம்புகள். அதுவும் மெகலேனியாவுடையதே என்று ஓவன் முடிவு கட்டினார். இங்குள்ள பாலைவனங்களில் உள்ளங்கை நீளத்தில் உடம்பெல்லாம் முள்ளோடு ஊரும் ‘தார்னி டெவில்’ என்ற சிறு பல்லியைக் காட்டி, அதன் மாபெரும் உறவினர் இது என்றார். அடுத்து அதே பகுதியிலிருந்து வந்த பாத எலும்புகள் சிலவற்றையும் மெகலேனியா கணக்கிலேயே எழுதினார்.

கொம்புத் தலை ஒரு ஆமையுடையது. லார்ட் ஹோவ் தீவில் கிடைத்த இதே மாதிரிக் கொம்புள்ள எலும்புகளையும் ஓவன் பல்லி என்றே கருதியிருந்தார். 1887-ல் தாமஸ் ஹக்ஸ்லி அவற்றை ஆமை என்று காட்டினார். ஓவனுக்கும் ஹக்ஸ்லிக்கும் பல ஆண்டுப் பகை என்பதால், ஹக்ஸ்லி அதை எவ்வளவு ஆனந்தமாக எழுதியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அடுத்த ஆண்டு ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் மூட்டையை முழுதாகப் பிரித்தார்: முள்ளெலும்புகள் உடும்புக்கு, கொம்புத் தலை ஆமைக்கு, பாத எலும்புகள் வயிற்றில் பை உள்ள பெரிய பாலூட்டி ஒன்றுக்கு. மூன்று மிருகங்களை ஒட்டித்தான் ஓவனின் ஒரு மிருகம் நின்றிருக்கிறது. அந்த ஆமைக்கு 1992-ல் யூஜீன் காஃப்னி நிஞ்செமிஸ் என்று தனிப் பேரினப் பெயர் வைத்தார். அப்போது பிள்ளைகளிடம் சக்கைப்போடு போட்ட நிஞ்சா ஆமைகளின் ஞாபகமாக. இனப் பெயர் மட்டும் உட்வர்ட் காலத்திலிருந்து ‘ஓவெனி’. குழம்பியவரின் பெயரே குழப்பிய ஆமைக்கு நிலைத்துவிட்டது.

ஓவனைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ஓடைக் கரைகளைப் பார்த்தால் அவர்மேல் இரக்கம்தான் வரும். கிங்ஸ் கிரீக் ஓடும் பகுதி முழுக்கக் கருப்பு மண். கரிசலில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மண்ணைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மழையில் ஊறி உப்பும், வெயிலில் கை நுழையும் அகலத்துக்கு வெடிக்கும், காலணியில் அப்பினால் விடாது. மேலே பருத்தியும் சோளமும்கூட விளைகிறது. இப்படிப்பட்ட சமவெளியில் ஓடை தன் போக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். வெள்ளம் வரும்போது எங்கெங்கோ செத்த மிருகங்களின் எலும்புகளை வாரிக்கொண்டு வந்து ஒரு திருப்பத்தில் கொட்டும். மேலே வண்டல் மூடும். பல்லாயிரம் ஆண்டு கழித்துக் கரை இடிந்து விழும்போது உடும்பின் முள்ளெலும்பும் ஆமையின் தலையும் பாலூட்டியின் பாதமும் ஒரே இடத்தில் எட்டிப் பார்க்கும். ஒன்றாகக் கிடப்பதால் ஒரே உடல் என்று எடுத்துக்கொண்டால் கொம்பு முளைக்கத்தான் செய்யும். முழு எலும்புக்கூடு இதுவரை கிடைக்காததற்கும் இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசி வரி: ‘மனிதன் உட்பட’. மெகலேனியா வாழ்ந்தது பனியுக காலத்தில். அதே நிலத்தில் டைப்ரோடோடான் என்ற காண்டாமிருகப் பருமனுள்ள பை விலங்கும், பை உள்ள சிங்கம் என்று சொல்லப்படும் தைலகோலியோவும், பறக்காத பெரும் பறவை ஜென்யோர்னிஸும் இருந்தன. மனிதர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து 50,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 65,000 என்று சொல்லும் ஆய்வும் உண்டு. ஆகவே மனிதனும் ராட்சத உடும்பும் ஒரே காலத்தில் இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மேல் போக ஆதாரம் இல்லை. உடும்பு கடித்த மனித எலும்பும் இல்லை, மனிதன் ஈட்டி பாய்ச்சிய உடும்பு எலும்பும் இல்லை.

கட்டுரையில் ராக்ஹாம்ப்டன் அருகே ‘50,000 ஆண்டு முந்தைய மெகலேனியா’ கிடைத்ததாக வரும் இடத்தையும் திருத்த வேண்டும். அங்குள்ள கேப்ரிகார்ன் குகைகளில் கில்பர்ட் பிரைஸ் குழுவினர் தோண்டி எடுத்து 2015-ல் வெளியிட்டது, சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு தோல் எலும்பு. சில உடும்புகளின் தோலுக்குள் கவசம்போல இப்படிச் சின்னச் சின்ன எலும்புகள் இருக்கும். வயது ஏறத்தாழ 50,000 ஆண்டு என்பது சரி. ஆனால் அது மெகலேனியாவுடையதா, கொமோடோவுடையதா என்று அந்தக் குழுவே முடிவு சொல்லவில்லை. கொமோடோ ஆஸ்திரேலியாவுக்கு எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். வரவில்லை, இங்கிருந்துதான் போயிருக்கிறது. 2009-ல் ஸ்காட் ஹாக்நல் குழுவினர் குயின்ஸ்லாந்திலேயே கொமோடோ டிராகனின் புதைபடிவங்கள் பல லட்சம் ஆண்டுப் பழமையோடு இருப்பதைக் காட்டினார்கள். இன்று இந்தோனேசியத் தீவுகளில் மிஞ்சியிருப்பவை அந்தக் கூட்டத்தின் மிச்சம். அதனால்தான் ஒரு சென்டிமீட்டர் எலும்பைக் கண்டதும் மெகலேனியா என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

மெகலேனியாவுக்கு விஷம் இருந்ததாக வரும் பத்தியில் ஒரு ‘இருக்கலாம்’ சேர்த்தால் போதும். 2009-ல் பிரையன் ஃப்ரை குழுவினர் கொமோடோவின் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதை வெளியிட்டார்கள். மெகலேனியா அதற்கு நெருங்கிய உறவு என்பதால் அதற்கும் இருந்திருக்கும் என்பது அவர்கள் ஊகம். சுரப்பி கல்லாக மாறி நம் கைக்கு வருவதில்லை.

இத்தனையும் எழுதியது மிருகத்தைச் சின்னதாக்க அல்ல. ஸ்டீபன் ரோவின் கஞ்சத்தனமான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உலகிலேயே பெரிய பல்லியான கொமோடோ மூன்று மீட்டர் தொட்டாலே பெரிய விஷயம். சாதாரண மெகலேனியா அதைத் தாண்டி நின்றிருக்கிறது. கிங்ஸ் கிரீக் கரையில் அப்படி ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு எதிரே வந்திருந்தால் ‘மூன்றரையா, ஏழா’ என்று நான் டேப் எடுத்திருக்க மாட்டேன்.

ஆகவே மலரில் ஒரு சிறு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீளத்துக்கு ‘3.5 முதல் 7 மீட்டர்வரை பல மதிப்பீடுகள். நீண்ட வால் என்று கொண்டால் 7.9’ என்று போடுங்கள். எடைக்கு ‘சுமார் 100 கிலோவிலிருந்து 1,940 கிலோவரை, கணக்கிடும் முறையைப் பொறுத்து’. இரண்டு வரிக்குக் கீழே, முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. மஞ்சள் பெட்டியில் அதற்கு இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சர்வேயர்,
டூவூம்பா, குயின்ஸ்லாந்து.

பி.கு.: ‘இன்றும் ஆஸ்திரேலியக் காடுகளில் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள்’ என்று கட்டுரை முடிகிறது. இங்கே புதர்களில் உண்மையாகவே பெரிய உடும்புகள் உண்டு. லேஸ் மானிட்டர் இரண்டு மீட்டர்வரை வளரும். உட்புற வறண்ட பகுதிகளின் பெரென்டி இரண்டரை மீட்டர்வரை போகும். அந்தியில் திடீரென்று குறுக்கே ஓடினால் பயத்தில் கூடவே இரண்டு மீட்டர் சேரும். அடுத்த முறை அப்படி யாராவது சொன்னால், சாணமோ பல்லோ தோல் எலும்போ ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் இருந்தால்கூடப் போதும்.